பகலில் பீர், ராத்திரியில் சாயம்

பீட்டர் கிரீஸ் என்று ஒருத்தர் இருந்தார். சாக்ரடீஸ் பிறந்த கிரீஸுக்கும், சைக்கிள் செயினுக்குப் போடுற கிரீஸுக்கும், இவருக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது :-) ஜெர்மன்காரர். 1829-ல் ஹெஸ்ஸே பகுதியில் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் பர்ட்டன்-ஆன்-ட்ரென்ட் என்கிற ஊரில், ஆல்சாப் என்கிற பீர் கம்பெனியில் 26 வருஷம் வேலை பார்த்தார். அந்த வேலையில் இருக்கும்போதே 1888-ல் செத்தும் போனார்.

இவருக்கு எதுக்கு ஒரு தனிப்பதிவு? காரணம் இருக்கு. இன்னிக்கு உலகத்தில் தயாராகிற செயற்கைச் சாயங்களில் பாதிக்கு மேல் 'அஸோ சாயம்' என்கிற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நீங்க போட்டிருக்கிற சிவப்பு டி-ஷர்ட் அநேகமா இந்தக் குடும்பம்தான். +2 லேபில் டைட்ரேஷன் பண்ணும்போது ஊத்தினோமே மெத்தில் ஆரஞ்சு, அதுவும் இதே. ஸ்வீட் கடை மஞ்சளுக்குப் போடுற டார்ட்ரஸீனும் இதே. இந்த மொத்தக் குடும்பத்துக்கும் மூல வினையைக் கண்டுபிடிச்சவர் நம்ம கிரீஸ். கண்டுபிடிச்ச பிறகு, வாழ்நாள் பூரா அதைத் தோண்டித் துருவினது ஒரு பீர் ஆலையில் உட்கார்ந்துகொண்டு!

சாயத்துக்கும் பீருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? அதுதான் இந்தப் பதிவு.

கதையை ரெண்டு இடத்தில் இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டுக்கும் பின்னாடி இந்தியா இருக்கு.

முதல் நூல், பீர். பர்ட்டன் ஊர்க்காரங்க பால்டிக் கடல் வழியா ரஷ்யாவுக்கு பீர் அனுப்பிப் பிழைச்சுக்கிட்டு இருந்தாங்க. 1822-ல் ரஷ்யா வரியை ஏத்தினதும் அந்த வியாபாரம் படுத்துடுச்சு. சாமுவேல் ஆல்சாப் இந்தியா பக்கம் திரும்பினார். இங்கே கிழக்கிந்தியக் கம்பெனி துரைமாருக்கு வெயிலில் குடிக்க வெளிர் நிறத்தில் கசப்பான பீர் வேண்டியிருந்தது. கப்பலில் பல மாசம் தாக்குப் பிடிக்கவும் வேண்டும். பர்ட்டன் கிணத்துத் தண்ணியில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணிக்கும் இந்த வகை பீருக்கும் அப்படியொரு பொருத்தம். பின்னாளில் 'இந்தியா பேல் ஏல்' என்று பிரபலமானது இந்த வகைதான். கொஞ்ச வருஷத்தில் பர்ட்டன் இங்கிலாந்தின் பீர் தலைநகரம் ஆகிப்போச்சு.

இரண்டாவது நூல், கொய்னா. இந்தியாவிலும் மற்ற காலனிகளிலும் வெள்ளைக்காரங்களை மலேரியா போட்டுத் தள்ளிக்கிட்டு இருந்தது. மருந்து சின்கோனா மரப்பட்டையில் இருந்து எடுக்கிற கொய்னா மட்டும்தான். அதை லேபிலேயே செய்ய முடியுமா என்று யோசிச்சவர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் கெமிஸ்ட்ரியின் தலைவர். இவரும் ஜெர்மன்காரர். இவரோட உதவியாளர் வில்லியம் பெர்கின், வயசு 18. 1856 ஈஸ்டர் லீவில் வீட்டு மாடியில் தாரில் இருந்து கிடைத்த அனிலினை வச்சு கொய்னா செய்யப் பார்த்தான் பையன். கொய்னா வரலை, கறுப்பா ஒரு கசடு வந்தது. அதை ஆல்கஹாலில் கழுவினால் பளிச்சுனு ஊதா நிறம். 'மாவ்' என்ற அந்த ஊதாதான் தொழிற்சாலையில் செய்து விற்ற முதல் அனிலின் சாயம். அடுத்த வருஷமே பெர்கின் கம்பெனி ஆரம்பிச்சார், பணக்காரர் ஆனார், 36 வயசில் கம்பெனியை வித்துட்டு மறுபடி ஆராய்ச்சிக்கே போயிட்டார். இது பாடப்புத்தகக் கதை, எல்லாருக்கும் தெரியும்.

பாடப்புத்தகம் அவ்வளவாச் சொல்லாத விஷயம் ஒண்ணு. பெர்கினுக்குப் பிறகு வந்த சாயங்கள் முக்கால்வாசி குருட்டாம்போக்கில் கிடைத்தவை. அனிலினை எடு, கையில் கிடைத்ததை எல்லாம் அதோட சேர்த்துக் காய்ச்சு, கலர் வருதான்னு பாரு. பென்ஸீன் ஒரு வளையம் என்று கெக்குலே சொன்னதே 1865-ல்தான். அதுவரைக்கும் தான் விக்கிற சாயத்தோட அமைப்பு என்ன என்று எவருக்கும் தெரியாது. நம்ம பாஷையில் சொன்னா, ஏன் ஓடுதுன்னே தெரியாத கோடை புரொடக்‌ஷனில் ஏத்தின மாதிரி.

இந்த இடத்தில்தான் கிரீஸ் வர்றார்.

மார்பர்க் யுனிவர்சிட்டியில் படிக்கும்போது கிரீஸ் நல்ல பிள்ளைன்னு பேர் வாங்கினவர் இல்லை. கடன், ரகளை, போலீஸ் விசாரணை வரைக்கும் போயிருக்கு. அப்புறம் ஆஃபன்பாக்கில் ஒரு ரசாயன ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆலையில் தீ விபத்து. திரும்ப மார்பர்க், கோல்பே என்கிற பேராசிரியரோட லேப். இந்தத் தடவை ஆள் மாறிட்டார்.

1858-ல் அவர் செய்த வேலை இதுதான். அமினோ தொகுதி உள்ள பொருட்களில் நைட்ரஸ் அமிலத்தை விட்டால் அமினோ போய் ஹைட்ராக்ஸில் வரும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். கிரீஸ் அதையே பிக்ரமிக் அமிலத்தில் செய்தார், ஆனால் குளிர வைத்துச் செய்தார். எதிர்பார்த்தது வரலை. ரெண்டு நைட்ரஜன் ஒட்டிக்கிட்ட ஒரு புதுப் பொருள் வந்தது. சூடு பண்ணியிருந்தால் அது உடைந்து காணாமல் போயிருக்கும். குளிர்ச்சியில் பிழைத்துக்கொண்டது. இதுக்கு 'டையசோ' என்று பேர் வைத்தார். டை என்றால் ரெண்டு, அசோட் என்றால் பிரெஞ்சில் நைட்ரஜன். இந்த வகைப் பொருட்களில் பல காய்ந்து போனால் வெடிக்கும். கிரீஸ் முதலில் செய்த அந்தப் பொருளையே பின்னாளில் வெடிபொருள் தொழிலில் பயன்படுத்தினாங்கன்னா பார்த்துக்குங்க.

இதைப் பார்த்துட்டு ஹோஃப்மன் அவரை லண்டனுக்குக் கூப்பிட்டுக்கிட்டார். அங்கே சுமார் 4 வருஷம்.

கெமிஸ்ட்ரி அலர்ஜி உள்ளவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். டையசோ என்பது ஒரு கை நீட்டிக்கிட்டே நிக்கிற மூலக்கூறு. பக்கத்தில் பீனாலோ, நாஃப்தாலோ, இன்னொரு அமீனோ வந்தா டக்குனு பிடிச்சுக்கும். ரெண்டு வளையத்துக்கும் நடுவில் ரெண்டு நைட்ரஜன் சேர்ந்து ஒரு பாலம் போடும். பாலம் விழுந்ததும் ரெண்டு வளையத்தோட எலக்ட்ரான்களும் ஒரே கூட்டா ஆயிடும். அந்தக் கூட்டு கண்ணுக்குத் தெரியிற ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சும். மிச்சம்தான் நமக்குக் கலரா தெரியுது. பாலத்துக்கு இந்தப் பக்கம் யாரு, அந்தப் பக்கம் யாரு என்பதை மாத்தினா கலர் மாறும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு. ரெண்டு மூணு பாலம் போட்டா நீலம், கறுப்பு வரைக்கும் போகலாம்.

கணக்கைப் பாருங்க. இடது பக்கத்துக்கு 100 அமீன், வலது பக்கத்துக்கு 100 ஜோடி இருந்தா 10,000 சாயம். குருட்டாம்போக்கு முடிஞ்சு போச்சு, இனிமே டிசைன் பண்ணலாம். கிரீஸ் கண்டுபிடித்ததைத் தனி ஒரு சாயமாகப் பார்க்காமல், சாயம் செய்யிற ஒரு 'பிளாட்ஃபார்ம்' என்று பார்த்தால் அதோட அளவு புரியும்.

சரி, இவ்வளவு பெரிய ஆளை பீர் கம்பெனிக்காரன் எதுக்கு வேலைக்கு எடுத்தான்?

ஆல்சாப்புக்கு விஞ்ஞானம் புதுசில்லை. 1840-களிலேயே ஹைன்ரிஷ் போட்டிங்கர் என்கிற ஜெர்மன் ரசாயனக்காரரைச் சேர்த்திருந்தாங்க. கீசனில் லீபிக்கிடம் படித்தவர். ஹோஃப்மனும் அதே லீபிக் பட்டறைதான். 1852-ல் ஒரு கூத்து நடந்தது. இங்கிலாந்து பீரில் கசப்புக்காக ஸ்ட்ரிக்னின் விஷத்தைக் கலக்கிறாங்கன்னு பிரான்ஸில் இருந்து ஒரு புரளி. பேப்பரில் எல்லாம் வந்துடுச்சு, கசப்பு பீர் விக்கிறவங்க கதிகலங்கிப் போனாங்க. ஆல்சாப் என்ன செய்தார் தெரியுமா? நேரா ஹோஃப்மனையும் தாமஸ் கிரஹாம் என்ற இன்னொரு பெரிய ரசாயனக்காரரையும் பிடித்து பீரைச் சோதிக்கச் சொன்னார். விஷம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ரிப்போர்ட்டையே விளம்பரமா போட்டு வித்தார்! ரசாயனம் படிச்சவனால் காசு லாபம் உண்டுன்னு அந்தக் கம்பெனிக்கு அனுபவத்தில் தெரியும்.

அப்போதைய இங்கிலாந்தில் ஆராய்ச்சி பண்றவனுக்கு உருப்படியா மாசச் சம்பளம் கிடைக்கிற இடங்கள் ரொம்பக் கம்மி. பீர் ஆலைகள் அதில் முக்கியமானவை. மால்ட் எப்படி சர்க்கரை ஆகுது, தண்ணியில் என்ன இருக்கு, ஒரு பீப்பாய் ஏன் புளிச்சுப் போகுது? ஒவ்வொரு கேள்விக்கும் பின்னாடி கெட்டுப்போகக்கூடிய ஆயிரக்கணக்கான பீப்பாய் நிக்குது. அதே பர்ட்டனில் பாஸ் கம்பெனியில் இருந்த கார்னீலியஸ் ஓ'சல்லிவன் 1872-ல் மால்டோஸ் சர்க்கரையை நிரூபித்தார். வொர்த்திங்டன் கம்பெனியில் ஹொரேஸ் பிரவுன். ஒரு சின்ன ஊரில் இத்தனை ரசாயனக்காரங்க.

1862-ல் கிரீஸ் ஆல்சாப்பில் சேர்ந்தார். பகலில் பீர் ஆணி. மிச்ச நேரத்தில் டையசோ. இந்த ஏற்பாட்டிலேயே கட்டுரை மேல் கட்டுரை எழுதித் தள்ளினார். 1868-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக எடுத்துக்கொண்டது. ஆபீஸ் முடிஞ்சு வந்து சொந்தமா எதையாவது நோண்டுற நம்ம கூட்டத்துக்கு இவரைத்தான் குலதெய்வமா வைக்கணும்.

ஆனா அறுவடை பண்ணினது யாரு?

கிரீஸோட வினையை வச்சு 1860-களிலேயே ரெண்டு மூணு சாயம் இங்கிலாந்துச் சந்தைக்கு வந்துடுச்சு. அனிலின் மஞ்சள் ஒண்ணு. மான்செஸ்டர் பழுப்பு இன்னொண்ணு. இதைச் செய்த கார்ல் மார்ட்டியஸ், மான்செஸ்டரில் ஒரு சாயக் கம்பெனியில் வேலை பார்த்த ஜெர்மன்காரர். அங்கேயே ஹைன்ரிஷ் காரோ என்று இன்னொருத்தர். ரெண்டு பேரும் தொழில் கத்துக்கிட்டு ஊருக்குத் திரும்பிட்டாங்க. மார்ட்டியஸ் 1867-ல் பெர்லின் பக்கத்தில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். கூட்டாளி, இசையமைப்பாளர் மெண்டல்சோனோட மகன். அந்தக் கம்பெனிதான் ஆக்ஃபா. ஆமாங்க, கேமராவில் ஃபிலிம் ரோல் போட்ட காலத்து ஆக்ஃபாவேதான். அந்தப் பேரே 'அனிலின் உற்பத்திக் கம்பெனி' என்பதோட சுருக்கம். காரோ 1868-ல் பி.ஏ.எஸ்.எஃப்.-ல் சேர்ந்தார். பர்ட்டனில் இருந்த கிரீஸோட கடிதத் தொடர்பையும் விடலை.

1876 வாக்கில் விஷயம் சூடு பிடித்தது. கிரைசாய்டின் என்று ஒரு ஆரஞ்சு-மஞ்சள் சாயம். ஜெர்மனியில் காரோவும், லண்டன் பக்கத்தில் ஓட்டோ விட் என்கிறவரும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. அமைப்பை ரகசியமா வச்சிருந்தாங்க. அதுக்குள்ள ஹோஃப்மன் (இப்போ அவர் பெர்லினில்) கடையில் கிடைத்த சரக்கைப் பிரித்து மேய்ந்து, இதுதான் அமைப்பு என்று 1877-ல் கட்டுரை போட்டுட்டார். அசல் ரிவர்ஸ் எஞ்சினியரிங்! விட் கடுப்பாயிட்டார். சூத்திரம் வெளியே வந்ததும் எல்லாருக்கும் வழி தெரிஞ்சு போச்சு. அடுத்த சில வருஷத்தில் ஆரஞ்சும் சிவப்புமா சாயங்கள் கொட்டின. அதே 1877-ல் ஜெர்மனி முழுமைக்கும் ஒரே காப்புரிமைச் சட்டம் வந்தது. கம்பெனிகள் லேப் வைத்து, டிகிரி முடிச்ச ரசாயனக்காரங்களை வரிசையா உட்கார வைத்து, நான் சொன்ன 100 x 100 கட்டத்தை நிரப்ப ஆரம்பிச்சாங்க. கிரீஸும் சில காப்புரிமைகள் எடுத்தார். அவை போய்ச் சேர்ந்த இடமும் பி.ஏ.எஸ்.எஃப்.-தான்.

இங்கே பீர் இன்னொரு தடவை உள்ளே வருது, ஐஸ் ரூபத்தில். டையசோ வேலையை 0-லிருந்து 5 டிகிரிக்குள்ள செய்யணும். ஆலை அளவில் பண்ணினா ஐஸுக்கு எங்கே போறது? ஜெர்மன் லாகர் பீருக்கும் குளிர்ச்சி அவசியம். அதனால் 1870-களில் கார்ல் லிண்ட உருவாக்கிய குளிர்சாதன இயந்திரத்துக்கு முதல் வாடிக்கையாளர்கள் பீர் ஆலைகள்தான். மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை இதில் முன்னோடி. பீருக்காக வளர்ந்த அந்த இயந்திரம் சாயக்காரங்களுக்கும் கை கொடுத்தது. துணியிலேயே நேரடியா உருவாக்கிற ஒரு வகை அஸோ சாயத்துக்குப் பேரே 'ஐஸ் கலர்'.

இன்னொரு உறவும் சொல்லணும். ஆல்சாப்பில் இருந்த போட்டிங்கருக்கு 1848-ல் பர்ட்டனிலேயே ஒரு பையன் பிறந்தான், ஹென்றி தியோடர். பெரியவனாகி ஜெர்மனி போய், ஃப்ரீட்ரிஷ் பேயர் என்கிற சாயக் கம்பெனி முதலாளியோட பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அப்புறம் 1880-களில் அந்தக் கம்பெனியோட நிர்வாகத்துக்கே வந்தார். எந்தக் கம்பெனி? தலைவலிக்கு ஆஸ்பிரின் போடுறோமே, அந்த பேயர்தான். பர்ட்டனில் பிறந்த பீர்க்காரர் பையன், ஆராய்ச்சிக்குக் காசு போடணும்னு பேயரில் நின்னவர். 1891-ல் எல்பர்ஃபெல்டில் பேயரோட பெரிய ஆராய்ச்சிக்கூடம் வந்தது.

இங்கிலாந்து? 1914-ல் போர் வந்தப்போ அதோட நூற்பாலைகளுக்கு வேண்டிய சாயத்தில் பெரும்பகுதி ஜெர்மனியில் இருந்து வந்துக்கிட்டு இருந்தது. ராணுவ காக்கிக்கே திண்டாட்டம். அரசாங்கம் தலையிட்டு 1915-ல் 'பிரிட்டிஷ் டைஸ்' என்று ஒரு கம்பெனியை உருவாக்க வேண்டி வந்தது. முதல் அனிலின் சாயம் பிறந்த நாடு! டையசோவோட அப்பா 26 வருஷம் குடியிருந்த நாடு!

இதுக்கு ஆல்சாப்பைத் திட்ட எனக்கு மனசு வரலை. அவங்க தொழில் பீர். பீருக்காக ஒருத்தரைச் சேர்த்தாங்க, சம்பளம் கொடுத்தாங்க, மிச்ச நேரத்தில் அவர் என்ன நோண்டினாலும் விட்டு வச்சாங்க. அதுவே பெரிய விஷயம். கோட்டை விட்டது பக்கத்தில் இருந்த சாயக் கம்பெனிகள். அவர் கட்டுரைகள் எல்லாருக்கும் திறந்தே கிடந்தது. படிச்சுப் பார்த்து, ஆள் போட்டு, பத்து வருஷம் பொறுத்து லாபம் எடுக்கலாம்னு நினைச்சவங்க கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

கொடுக்கல் வாங்கல் அதோட நிக்கலை. தண்ணியில் நைட்ரைட் இருக்கான்னு பார்க்க கிரீஸ் 1879-ல் ஒரு சோதனை சொன்னார். நைட்ரைட் இருந்தால் அங்கேயே அஸோ சாயம் உருவாகி நிறம் காட்டும். இன்னிக்கும் சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கான்னு பார்க்கிற பட்டியில் நைட்ரைட் கட்டம் இளஞ்சிவப்பு ஆகுதே, அதே வினை. காரோ 1876-ல் செய்த மெத்திலீன் நீலம் பீர் ஆலைக்கே போய்ச் சேர்ந்தது: உயிருள்ள ஈஸ்ட் அந்த நீலத்தை நிறமிழக்கச் செய்துவிடும், செத்த ஈஸ்ட் நீலமாவே நிக்கும். நாம படிக்கிற பி.எச். கூட 1909-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆய்வகத்தில் சோரன்சன் கொடுத்தது. அதை அளக்க அவர் பயன்படுத்திய வழிகளில் ஒண்ணு, நிறம் மாறும் சாயங்கள்.

கடைசியா அந்த நைட்ரஜன் பாலத்தைப் பத்தி. அது கட்டினப்போ கலர் வந்தது. உடைஞ்சா என்ன ஆகும்?

1932-ல் அதே எல்பர்ஃபெல்டில் ப்ரோண்டோசில் என்று ஒரு சிவப்பு அஸோ சாயம் செய்தாங்க. ரத்தத்தில் கிருமி ஏறின எலிகளை அது காப்பாத்தினதை கெர்ஹார்ட் டொமாக் பார்த்தார். அது வரைக்கும் அப்படி ஒரு மருந்தே கிடையாது. டொமாக்குக்கு 1939-ல் நோபல். பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்காரங்க 1935-லேயே ரகசியத்தை உடைச்சுட்டாங்க: உடம்புக்குள்ள பாலம் உடையுது, வெளியே வர்ற நிறமில்லாத பாதிதான் மருந்து. அதுதான் சல்ஃபா.

அதே பாலம் வேற சில சாயங்களில் உடைஞ்சா வெளியே வர்ற பாதி விஷம். அனிலின் சாய ஆலைத் தொழிலாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வர்றதை 1895-லேயே ஃபிராங்ஃபர்ட் டாக்டர் லூட்விக் ரேன் சொல்லிட்டார். பென்ஸிடின் மாதிரியான அமீன்கள் புற்றுநோய் உண்டாக்கும் என்பது பிற்பாடு உறுதியாச்சு. பென்ஸிடினைக் கக்கிற அஸோ சாயங்கள் ஏகப்பட்டது இருந்தது. இப்படிப்பட்ட அமீன்களைக் கக்கிற சாயங்களைத் துணியில் போடக் கூடாதுன்னு ஜெர்மனி 1994-ல் தடை போட்டது. ஐரோப்பிய யூனியன் 2002-ல். நடுவில் 1997-ல் இந்தியாவும் ஒரு பட்டியல் போட்டுத் தடுத்தது. திருப்பூர், கரூர் எக்ஸ்போர்ட்காரங்க 'அஸோ ஃப்ரீ' சர்டிபிகேட்டுக்கு லேப் லேபா அலைஞ்சது இதனால்தான். (அஸோ ஃப்ரீ என்றால் அஸோ சாயமே இல்லைன்னு அர்த்தம் இல்லை. அந்தத் தடை செய்த அமீன்களைக் கக்காதுன்னு அர்த்தம்.)

துணியைப் போடுறவனைக் காப்பாத்த சட்டம் வந்தது. துணிக்குச் சாயம் ஏத்தின தண்ணி எங்கே போச்சு? நொய்யலில் போச்சு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற வரைக்கும் போச்சு. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் தொழில் பண்ணும் தொழில்நுட்பத்தைத் தேடி எல்லாரும் ஓட வேண்டி வந்தது. சாயத்தைச் செய்யிற அறிவு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. அதைச் சுத்தம் பண்ற அறிவுக்கு அவ்வளவு அவசரமா யாரும் சம்பளம் கொடுக்கலை.

என்னைக் கேட்டா இந்த வரலாற்றில் நாம கவனிக்க வேண்டியது அதுதான். ஒருத்தர் ஒரு கேள்வியோட 26 வருஷம் உட்காரணும்னா, யாராவது அவருக்குச் சோறு போட்டாகணும். கிரீஸுக்கு ஒரு பீர் கம்பெனி போட்டது. நொய்யலுக்கு வேண்டிய கிரீஸ் இப்போ எந்தக் கம்பெனியில் என்ன ஆணி பிடுங்கிக்கிட்டு இருக்காரோ?

நீலத்தை (அதாங்க, அவுரி) வேணும்னே விட்டுட்டேன். பி.ஏ.எஸ்.எஃப். 1897-ல் செயற்கை நீலத்தைச் சந்தையில் இறக்கினது, நம்ம ஊர் அவுரி அழிஞ்சது, சம்பாரண் வரைக்கும் போகிற பெரிய கதை. அதுக்குத் தனிப்பதிவு போடணும். ஆணி குறைஞ்சதும் எழுதுறேன் :-)